ஸ்லைடர்ல ஒரு கீறல் இல்லீங்க

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு மூணு காலுதான். இந்தப் பக்கம் வாங்க. பட்டறைக்கார அருள்ராசு சாப்பிடப் போயிருக்கறாப்ல. அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்னு சொன்னாப்ல, அப்படின்னா நமக்கு ஒரு மணி நேரம் இருக்குதுன்னு அர்த்தம். வெளிய நிக்கற பச்சைப் பிக்கப்பு உங்களதுங்களா? புதுசாட்ட இருக்குது. நாலு சக்கரமும் இழுக்குமில்ல? அப்பச் சரி, ஸ்லைடர் போடத்தான் வந்திருக்கறீங்க. நீங்க வாயைத் தொறக்கவே வேண்டாம். எறங்குனதும் கதவுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு நின்னீங்க பாருங்க, அதே மாதிரி நான் எட்டு மாசம் நின்னேன்.

என்ற பேரு சென்னியப்பன்ங்க. அவிநாசில மோட்டார் பம்புக் கடை. அதா, அந்த வெள்ளை வண்டி என்றது. பாக்கறவங்க எல்லாரும் கேப்பாங்க, கடைக்கும் ஊட்டுக்கும் மூணு கிலோமீட்டர் தார் ரோடு, இதுக்கு எதுக்குப்பா மலை ஏர்ற வண்டின்னு. நீங்க கேக்கல. கேக்காத ஆளைப் பாத்தாலே எனக்கு ஒரு மரியாதை வந்துருது.

மொதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்குங்க. படி வேற, ஸ்லைடர் வேற. படிங்கறது காலை வெச்சு ஏர்றதுக்கு. பளபளன்னு இருக்கும், ஒரு பாறை மேல உக்காந்துச்சுன்னா அப்பளமா நொறுங்கீரும். ஸ்லைடர் அப்படி இல்லீங்க. அது சேஸிஸ்ல புடிச்சிருக்கற இரும்புக் குழாய். வண்டியோட பாரம் அத்தனையும் அது தாங்கும். கல்லுல வண்டி எறங்குனா, கதவுக்குக் கீழ இருக்கற தகடு நசுங்காம, இந்தக் குழாய் கல்லு மேல வழுக்கீட்டுப் போயிரும். இந்த வித்தியாசம் எத்தனை சொன்னாலும் புரியாத ஒரு ஆளு உண்டு. அதுவும் பாருங்க, என்ற ஊட்டுலயே இருந்துச்சு.

இருந்துச்சுன்னுதான் சொல்லோணும். என்ற சம்சாரம் சாந்தாமணி நாப்பத்தொரு நாளா அவ தம்பி ஊட்டுலதான் இருக்கறா. கேட்டா, புதுசாக் கண்ணாலமாயி வந்த புள்ளைக்கு ஊடு பழக்கிக் குடுக்கறாளாமா. நாப்பத்தொரு நாள் பழக்கறதுக்கு அது என்ன அரண்மனையா? ரெண்டு ரூமு, ஒரு சமையக்கட்டு. என்றகிட்டப் பேசறதில்ல. போனை எடுக்கறதில்ல. சண்டை போட்டாலாவது திருப்பிப் பேசலாம், இவ சண்டையும் போடறதில்ல. திரும்பி வர்றதுக்கு ஒரு நிபந்தனை போட்டு, எங்க புள்ளைகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கறா. அதைப் பொறவு சொல்றேன். மொதல்ல உங்க வண்டி.

வெல்டு வெக்கறதா, போல்ட்டு போடறதா. மொதல் தலைவலி இதுதான். வெல்டு வெச்சா அசையாது, ஆனா வண்டி வித்தவன் வாரண்டி இல்லைன்னு கையை விரிச்சுருவான். போல்ட்டு போட்டா வேணுங்கறப்பக் கழட்டிக்கலாம். நான் இதுக்கே மூணு மாசம் ரோசிச்சேன். வாட்ஸப்புல எங்களுக்கு ஒரு குரூப்பு இருக்குது, கரடுமுரடுன்னு பேரு. அதுல ஒரு பல் டாக்டர் இருக்கறாருங்க, பெரிய அறிவாளி. ஸ்லைடரைப் பத்தி அவரு எழுதுறதைப் பாத்தா இமயமலையில பொறந்து வளந்தவராட்டத் தெரியும். அவரு வண்டில இது வரைக்கும் ஒரு பொட்டுச் சேறு பட்டதில்ல, அது வேற விசயம். அவருதான் போல்ட்டுன்னாரு. நானும் போல்ட்டுன்னு முடிவு பண்ணுனேன்.

பொறவு உருட்டுக் குழாயா, சதுரக் குழாயா. அதுக்கு ரெண்டு மாசம். பொறவு, குழாயைச் சேஸிஸோட புடிக்கறதுக்கு ஒரு பக்கத்துக்கு மூணு காலா, நாலு காலா. பொறவு, பின் சக்கரத்துகிட்ட வெளிய வளைச்சு உடறதா வேண்டாமான்னு. வளைச்சு உட்டா, மரத்துகிட்டத் திரும்பையில வண்டியை அது தள்ளி உட்டுரும். எங்க தெருவுல ஒரே ஒரு வேப்ப மரந்தான் இருக்குது, இருந்தாலும் வேணுமில்லீங்களா. ராத்திரிச் சோத்துக்கு உக்காந்தா ஒரு கையில போனு, ஒரு கையில சோறு. சாந்தாமணி கேப்பா, என்னங்க பாக்கறீங்கன்னு. ஸ்லைடர்னு சொல்லுவேன். அவ ஒண்ணே ஒண்ணு கேப்பா. "அதுல கால் வெக்க முடியுங்களா?"

பாருங்க. எட்டு மாசத்துல அவ கேட்ட ஒரே கேள்வி அதான். அவளுக்கு வலது முட்டி தேஞ்சு போச்சுங்க. வண்டி ஒசரம், ஏர்றதுக்குக் கஷ்டம். அதுக்காக ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலி வெச்சிருந்தா. முக்காலியைப் போடுவா, ஏறுவா, மேல உக்காந்து ஒரு கயித்தைப் புடிச்சு முக்காலியை இழுத்து மடியில வெச்சுக்குவா. கோயிலுக்குப் போனாலும் அந்த முக்காலி, ஆசுபத்திரிக்குப் போனாலும் அந்த முக்காலி. இத்தனை பெரிய வண்டியை நான் ஓட்ட, பக்கத்துல ஒருத்தி முக்காலியைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? எனக்கு எத்தனை சங்கடம்னு அவ ஒரு நாளும் ரோசிச்சதில்ல.

ஒரு நாள் இங்கயே கூட்டிட்டு வந்தேன். இந்த இடத்துலதான் நின்னா. அருள்ராசு அவகிட்டச் சொன்னாப்ல, "அக்கா, குழாய்க்கு மேல பட்டையா ஒரு தகடு வெச்சுக் குடுத்தர்றேன். உங்களுக்குப் படிக்குப் படியும் ஆச்சு, அண்ணனுக்கு ஸ்லைடருக்கு ஸ்லைடரும் ஆச்சு." அவ மொகத்துல ஒரு சந்தோசம் பாருங்க, தங்க வளையல் வாங்கிக் குடுத்தப்பக் கூட நான் அப்படிப் பாத்ததில்ல. நான் தகடு வேண்டாம்னுட்டேன். ஏன்னா, தகடு வெச்சா அதுல சேறு சேந்து கட்டீரும்னு டாக்டர் எழுதியிருந்தாரு. அதுவுமில்லாம நேரா வெக்காம, மேல பாத்துச் சாய்ச்சு வெச்சாத்தான் தரைக்கும் வண்டிக்கும் எடம் நெறைய கெடைக்கும். சாய்ச்சு வெச்சா கால் வழுக்கும். வழுக்கறதுக்குத்தானேம்மா அதுக்கு ஸ்லைடர்னே பேருன்னு சொன்னேன். அருள்ராசு சிரிச்சாப்ல. அவ சிரிக்கல. அவளுக்கு நகைச்சுவை கம்மிங்க.

சிரிக்கறீங்க. உங்களுக்குப் புரியுது.

இப்பக் கண்ணாலத்துக்கு வர்றேன். சாந்தாமணிக்கு ஒரே தம்பி, பூபதி. முப்பத்தொம்பது வயசு. நம்ம பக்கத்துல பசங்களுக்குப் பொண்ணு கெடைக்கற லட்சணம் உங்களுக்குத் தெரியாததில்ல. பதினோரு வருசம் ஜாதகத்தைத் தூக்கீட்டு இவதான் அலைஞ்சா. அவங்கம்மா போயிச் சேந்தப்ப அவனுக்கு ஆறு வயசாமா, இவளுக்குப் பதினேழு. குளிப்பாட்டி, தலை சீவி உட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, எல்லாம் இவதான். என்னையக் கட்டிக்கறதுக்கே, தம்பி பத்தாவது முடிக்கட்டும்னு நிறுத்தி வெச்சவ. நான் ஒண்ணும் சொல்லல. காத்துட்டு இருந்தேன். அதையெல்லாம் இப்ப யாரும் பேசறதில்ல.

இணைச்சீரு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தாலி கட்டறதுக்கு முன்னால மாப்பிள்ளைகூடப் பொறந்தவ கூறைச் சேலை வெச்ச கூடையைப் புடிச்சுட்டு அவன் பக்கத்துல உக்காரோணும். அக்காளும் தம்பியும் ஒண்ணா உக்கார்றது வாழ்நாள்ல அந்த ஒரு தடவைதான். அதுக்குன்னு நாலு வருசத்துக்கு முன்னாலயே, ஒரு பொண்ணு கூடி வர்றாப்பல இருந்தப்ப, அரக்கு நெறத்துல ஒரு பட்டுச் சேலை எடுத்து வெச்சா. அந்தப் பொண்ணு தட்டிப் போச்சு. சேலை பீரோவுல இருந்துச்சு. மாசத்துக்கு ஒருக்கா எடுத்து மடிப்பு மாத்தி வெப்பா. கட்டிப் பாரும்மான்னா, அன்னைக்குத்தான் கட்டுவேம்பா.

கண்ணாலம் பொண்ணு ஊருல, சத்தியமங்கலம் தாண்டி கரட்டுப்பாளையம். மாப்பிள்ளை ஊட்டுச் சனமெல்லாம் மொதல் நாளே வேன்ல போயாச்சு. இவளும் அதுலயே போறேன்னா. நாந்தான் தடுத்தேன். நம்ம வண்டி இருக்கையில வேன்ல எதுக்கு இடிச்சுட்டுப் போறே, காலங்காத்தால நாலு மணிக்குக் கெளம்புனா அஞ்சரைக்கு மண்டபம், ஆறரைக்குத்தான் சீருன்னேன். உண்மையச் சொன்னா, மொதல் நாள் சாயங்காலந்தான் அருள்ராசு ஸ்லைடரை மாட்டிக் குடுக்கறேன்னு சொல்லியிருந்தாப்ல. எட்டு மாசம் காத்த பொருளு. அதை உட்டுப்போட்டு வேன்ல போயி உக்கார முடியுங்களா?

நாலு மணிக்குக் கெளம்புனமுங்க. அவ மூணு மணிக்கே குளிச்சு, சேலை கட்டி, பூ வெச்சு, சீருக்கு வாங்கி வெச்ச கூடையும் முக்காலியுமா வாசல்ல நின்னுட்டிருந்தா. அதைச் சொல்லீர்றேன். நான்தான் ஸ்லைடரை டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு பத்து நிமிசம் தாமசம் பண்ணுனேன். அஞ்சு மணிக்குக் கரட்டுப் பிரிவுகிட்ட வந்துட்டோம். நேராப் போனா தார் ரோடு, இருவது கிலோமீட்டரு. எடது பக்கம் கல்லும் பாறையுமாக் கெடக்கற கரட்டுக் குன்று மேல ஒரு பழைய வண்டித்தடம், ஒம்பதே கிலோமீட்டரு. எடது பக்கம் திருப்பினேன். "ஏனுங்க இந்தப் பக்கம்"னு கேட்டா. குறுக்குத்தடம், சீக்கிரம் போயிரலாம்னேன். அவளும் சரின்னு இருந்துட்டா.

குறுக்குத்தடம்தான். அதுல பொய் ஒண்ணுமில்ல.

அந்தத் தடத்துல ஏறி எறங்கையில, அடடா, என்னன்னு சொல்றது. கல்லு ஸ்லைடர்ல ஒராயற சத்தம் இருக்குது பாருங்க, கர்ருன்னு. எட்டு மாசம் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். ஒரு கல்லு, ரெண்டு கல்லு, எல்லாத்தையும் தாண்டுச்சு. மூணாவதா ஒரு பாறை. அதைச் சுத்தீட்டுப் போக எடம் இருந்துச்சு. சாந்தாமணியே கையைக் காட்டுனா, அப்படிப் போங்கன்னு. பொம்பளைகளுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு மேலயே உட்டேன். வண்டி ஏறுச்சு, ஒரு பக்கமா வழுக்குச்சு, டங்குன்னு எடது ஸ்லைடரு பாறையில உக்காந்துருச்சு. எடது பக்கம் ரெண்டு சக்கரமும் அந்தரத்துல சுத்துது. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. மொத்த வண்டியும் அந்த ஒரு குழாய் மேல நிக்குது.

எறங்கி ஓடிப் போயிப் பாத்தேன். கதவைத் தொறந்து மூடுனேன், வெண்ணெயாட்ட மூடுச்சு. தகடு நெளியல. கால் நாலும் அசையல. பெயின்ட்டுல கூட ஒரு கீறல் இல்லீங்க. நீங்க கடையில வாங்கையில இதைத்தான் பாக்கோணும்: ஜாக்கியை ஸ்லைடர்ல குடுத்து வண்டியைத் தூக்கி, கதவைத் தொறந்து மூடிப் பாருங்க. பிசகாம மூடுச்சுன்னா நல்ல சரக்கு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நாலு படம் எடுத்தேன்.

சாந்தாமணி அவ பக்கத்துக் கதவைத் தொறந்து, முக்காலியைக் கீழ போட்டா. அந்தரத்துல இருக்கறதால முக்காலி எட்டல. ஸ்லைடர்ல கால் வெச்சா, வழுக்குச்சு. அப்படியே சரிஞ்சு எறங்கிட்டா. முட்டில அடி. சேலைல கொசுவத்துகிட்ட ஒரு கிழிசல். "மணி என்னங்க"ன்னா. அஞ்சே முக்கால்னேன். "பூபதிக்குப் போன் போடுங்க, யாரையாவது வரச் சொல்லுங்க." நான் சொன்னேன், இங்க டவர் இல்லைன்னு. டவர் இருந்துச்சு. ஒரு கோடு இருந்துச்சு. பூபதிக்குப் போட்டா, மண்டபத்துல இருக்கற அத்தனை சனமும் டிராக்டர்ல வந்து என்னைய இப்படிப் பாக்கும். அது தேவைங்களா? நானே எப்படியும் எடுத்துருவேன்னு நெனச்சேன். கால் மணி நேரம் பொறுத்துப் பாத்தா. பொறவு கூடையை எடுத்து இடுப்புல வெச்சுட்டு நடக்க ஆரம்பிச்சுட்டா.

நான் கூப்பிட்டேன். திரும்பல. அந்த முட்டியோட கரட்டை எறங்கி, கீழ ஒரு பால்காரரு மொபெட்டுல உக்காந்து மண்டபத்துக்குப் போறப்ப ஏழேகாலு. சீரு செய்யற பெரியவரு, நேரம் தாண்டுதுன்னு அரை மணி நேரம் பொறுத்துப் பாத்துட்டு, சித்தப்பன் மகளைப் புடிச்சு, வேற ஒரு கூடையைக் குடுத்து உக்கார வெச்சுட்டாராமா. பூபதி வாசலைப் பாத்து, வாசலைப் பாத்து, கடைசில தலையைக் குனிஞ்சுட்டானாமா. இவ போறப்பச் சீரு முடிஞ்சு இலையை எடுத்துட்டு இருந்திருக்கறாங்க. கிழிஞ்ச சேலையோட ஒரு தூணுகிட்ட நின்னு தாலி கட்டறதைப் பாத்தாளாமா. இதெல்லாம் எனக்குப் புள்ளைதான் சொல்லுச்சு. அவ சொல்லல. நான் அப்பப் பாறைகிட்ட டிராக்டருக்குக் காத்துட்டு இருந்தேன்.

சரி, தப்புதான். நான் இல்லைங்கல. ஆனா அதோட போயிருந்தா, அவ ரெண்டு நாள் மொகத்தைத் தூக்கி வெச்சுட்டு சரியாயிருப்பா. அவ குணம் எனக்குத் தெரியும். அடுத்ததுதான் கெட்டுப்போச்சு.

நான் மண்டபத்துக்குப் போனப்பப் பத்தரை. கடைசிப் பந்தி. உக்காந்தேன். எதுத்தாப்பல நாலஞ்சு பெரிய மனுசங்க. ஒருத்தரு கேட்டாரு, ஏம்ப்பா, கூடப் பொறந்தவ சீருக்கு வரலையே, என்ன இத்தனை நேரம்னு. எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. பாறை மேல ஏத்தி நிறுத்தி வெச்சிருந்தேன்னு சொல்ல முடியுங்களா? வாயில வந்ததைச் சொன்னேன். "பொம்பளைக சேலை கட்டறதுன்னா உங்களுக்குத் தெரியாதுங்களா? நாலு வருசமா எடுத்து வெச்ச சேலை, கட்டி முடிக்கறதுக்கே விடிஞ்சுபோச்சு." பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பாயசம் நல்லா இருந்துச்சு.

அது மண்டபம் பூராவும் பரவிப் போச்சு. தம்பி சீருக்குக் கூட நேரத்துல வராம சிங்காரிச்சுட்டு இருந்தாளாமான்னு, அவ காதுபடவே பேசியிருக்கறாங்க. பூபதியும் நம்பீட்டான். அக்காளை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பா. கேக்காதவன்கிட்ட அவ சொல்ல மாட்டா. அது அவ பொறப்பு.

புள்ளை ஒண்ணு பெங்களூருல வேலை பாக்குதுங்க, நிவேதிதா. அது கரடுமுரடு குரூப்புல நான் போட்ட படத்தை எங்கயோ பாத்துடுச்சு. வண்டி பாறை மேல நிக்கற படம், வெளிச்சம் வந்த பொறவு இன்னொருக்கா எடுத்தது. பின்னால, கரட்டுக்குக் கீழ, ஒரு அரக்குச் சேலை நடந்து போறது சின்னதாத் தெரியுது. நான் அதைக் கவனிக்கல. மேல நான் எழுதியிருந்தேன், "இன்னைக்கு ஸ்லைடருக்குப் பரீட்சை. நூத்துக்கு நூறு." மணி ஆறு பன்னெண்டு. டாக்டரு கூட கை தட்டிப் போட்டிருந்தாரு. அதை இந்தப் புள்ளை நேரா அவங்கம்மாளுக்கு அனுப்பிடுச்சு. பெத்த புள்ளைங்க. டவர் இல்லாத எடத்துல இருந்து படம் எப்படிப்பா போச்சுன்னு எனக்கு ஒரு கேள்வி வேற.

அதுக்குப் பொறவுதான் நிபந்தனை வந்துச்சு. பெருசா ஒண்ணுமில்ல. "பூபதிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அவ நேரத்துலதான் கெளம்புனா, நாந்தான் கரட்டுல உட்டேன்னு. சொன்ன அன்னைக்கே வந்தர்றேன்." அவ்வளவுதான்.

அதை மட்டும் கேக்காம வேற என்ன வேணும்னாலும் கேக்கட்டும்னேன் புள்ளைகிட்ட. நான் அந்த ஊட்டுக்கு மாப்பிள்ளைங்க. இருவத்து மூணு வருசமா எனக்குத் தனி இலை, தனி செம்பு. இப்பப் போயி, புதுப் பொண்ணு காபி கொண்டாந்து வெக்கற நேரத்துல, மாப்ள, நான் பொய் சொல்லீட்டேன்னு சொல்லறதா? மூணு தடவை போனேன். ஒரு தடவை பழம், ஒரு தடவை அதே அரக்குல ஒரு புதுச் சேலை. மூணாவது தடவை சும்மாதான் போனேன். மூணு தடவையும் மழை பேஞ்சதைப் பேசீட்டு, மோட்டார் பேசீட்டு வந்துட்டேன். அவ உள்ளயே இருந்தா. புதுச் சேலை அப்படியே பையோட என்ற ஊட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்துருச்சு, கடைக்குப் பக்கத்து ஊட்டுப் பையன்கிட்டக் குடுத்து உட்டிருந்தா.

ஊடு ஊடா இல்லீங்க. காலைல காபி நானே போடறேன், நானே கீழ ஊத்தறேன். அந்த நீல முக்காலி வண்டில பின்னாலயே கெடக்குது. எடுத்து உள்ள வெக்க மனசு வரல.

அதுக்குத்தான் இன்னைக்கு வந்திருக்கறேன். அவ பக்கத்துல ஸ்லைடருக்குக் கீழ ஒரு படி. தனிப் படி. காலை வெச்சா கீழ எறங்கும், உட்டா மேல போயி ஒட்டிக்கும். மடக்குற படியா, நிக்கற படியான்னு மூணு வாரமாப் பாத்து, மடக்கறதே நல்லதுன்னு முடிவு பண்ணியிருக்கறேன். டாக்டருகிட்டயும் கேட்டுட்டேன். வேற எந்தப் புருசன் இப்படிச் செய்வான்? இதைக் கொண்டு போயி வாசல்ல நிறுத்துனா, அந்த வார்த்தை சொல்லாமயே ஏறிக்குவான்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஏறிக்குவாங்களா? நீங்க என்ன நெனைக்கறீங்க?

என்னங்க, பேசவே மாட்டீங்கறீங்க. நான்பாட்டுக்கு வண்டியைப் பத்தியே பேசீட்டு ஊரைக் கேக்காம உட்டுட்டேன் பாருங்க. ஊரு எந்தப் பக்கம்?

கரட்டுப்பாளையமா.

எந்தக் கரட்டுப்பாளையம், நம்ம சத்தியமங்கலம் தாண்டியா? அப்ப அந்தக் கண்ணாலத்துக்கு... பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்? பெரியப்பன் மகனா. கூடப் பொறந்த மாதிரிதான் அப்ப. சரிதான். உங்க சித்தப்பா மகளைத்தான் எங்க மாப்ளைக்குக் குடுத்திருக்கறீங்க. அப்பப் பாத்தா நீங்களும் நானும் அண்ணந்தம்பி முறையாகுதுங்க.

கடைசிப் பந்திக்கு ரசம் ஊத்துனீங்களா? எனக்கா? அப்ப நான் அந்தச் சேலை விசயம் சொன்னது... கேட்டுட்டுத்தான் நின்னீங்களா. என்னைய வாசல்லயே அடையாளம் தெரிஞ்சுதுங்களா? தெரிஞ்சும் இத்தனை நேரம் சிரிச்சுட்டு உக்காந்திருந்தீங்க. நல்ல ஆளுங்க நீங்க.

போனை எதுக்கு எடுக்கறீங்க? பூபதிக்கா? வேண்டாங்க. வெய்யுங்க. தயவு பண்ணி வெய்யுங்க. நீங்க சொல்லி அவன் தெரிஞ்சுகிட்டா, நான் செத்த மாதிரிதான். நானே சொல்றேன். இப்பயே சொல்றேன். உங்க கண்ணு முன்னாலயே போடறேன், போதுங்களா?

அடிக்குது.

அலோ. மாப்ள. பூபதி. நாந்தான். இல்ல, மோட்டார் விசயமில்ல. மோட்டார் நல்லா ஓடுதா? சரி. மாப்ள, ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு உங்கக்கா மூணு மணிக்கே கெளம்பி வாசல்ல நின்னா. சேலை கட்டறதுக்கெல்லாம் நேரம் ஆகல. நாந்தான் கரட்டுல உட்டேன். ஆமா. ஸ்லைடர் எப்படி இருக்குதுன்னு பாக்கறதுக்கு. பந்தில நான் சொன்னது பொய்யி. உனக்குப் போன் பண்ணச் சொல்லுச்சு, அப்பவும் டவர் இல்லைன்னு பொய் சொல்லீட்டேன். உங்கக்கா நடந்தே வந்துச்சு மாப்ள, அந்த முட்டிய வெச்சுட்டு. உன்ற பக்கத்துல உக்காரோணும்னுதான். இல்ல, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அழுவாதே. அட, அழுவாதேங்கறன்ல.

அக்கா பக்கத்துலதான் இருக்குதா? எல்லாம் கேட்டுட்டு இருந்துச்சா? குடு.

அம்மணி.

ம். சொல்லீட்டேன். ஆமா, நாந்தான். காபி குடிச்சேன். இல்ல, சாப்பிடல இன்னும். முட்டி எப்படி இருக்குது? ம். சாயங்காலமா? இன்னைக்கேவா? வர்றேன். அஞ்சு மணிக்கெல்லாம் வந்தர்றேன். இல்ல, அந்தப் பக்கம் வரமாட்டேன். தார் ரோட்டுலதான்.

என்ன? பக்கத்துலயா?

யாருமில்ல அம்மணி. கடையில தனியாத்தான் உக்காந்திருக்கறேன். யாரும் சொல்லல. எனக்கே மனசு கேக்கல, போட்டேன். சத்தியமா. வெக்கறேன்.

சிரிச்சுதுங்க. நாப்பத்தொரு நாளைக்கப்புறம். எனக்கே மனசு கேக்கலைன்னு சொன்னதும் லேசாச் சிரிச்சுது, நான் கேட்டேன்.

நீங்க எங்க கெளம்பறீங்க? ஸ்லைடர் வேண்டாங்களா? அருள்ராசு இப்ப வந்துருவாப்ல. என்னது, விருந்தா? இன்னைக்குச் சாயங்காலமா? பூபதி ஊட்டுலயா? குடும்பத்தோடயா?

கொஞ்சம் நில்லுங்க. உங்க கையைப் புடிச்சுக் கேட்டுக்கறேன். சாயங்காலம் அங்க என்னையப் பாத்தீங்கன்னா, புதுசாப் பாக்கறாப்பல, ஊரு எந்தப் பக்கம்னு கேளுங்க.